வீட்டுக்காரர் கையில் டேப்

செஞ்சியில் ஒரு கொத்தனார் கான்ட்ராக்டர் ஆவதற்குப் பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது. கரண்டி பிடித்து வேலை செய்துகொண்டிருப்பவனைப் பார்த்து யாராவது ஒரு வீட்டுக்காரர், "நீயே மொத்தமா எடுத்துக் கட்டிக் குடுத்துடுப்பா" என்று சொன்னால் போதும். 2013இல் எனக்கு நடந்தது அதுதான். அதுவரை நான் சுவருக்கு மட்டும் பதில் சொன்னவன். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுவர் நேராக நின்றால் என் பொறுப்பு தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு குடும்பம் பாதி ஆயுசில் சேர்த்த பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நகைக்கடனும் வங்கிக்கடனும் மாமனார் கொடுத்த கைமாற்றும் கலந்த பணம் அது.

இப்போது புதிதாக வேலை எடுக்கும் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். சிமென்ட் கலவையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது அவர்களுக்குத் தெரியும். "வீட்டுக்காரங்களை எப்படிண்ணே வெச்சுக்கிறது? பாதி வேலையிலயே சண்டை வந்துடுதே" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய பெரிய மேஸ்திரி அருமையான வேலைக்காரர். அவர் பூசிய சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் ஒரு மணல் உதிராது. ஆனால் வீட்டுக்காரர் விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கை. "வேலை நடக்கற இடத்துல அவங்களை ரொம்ப நேரம் நிக்க விடாத. வந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு. கம்பி என்ன, கலவை என்னன்னு சொல்லிக் குடுத்தியானா நாளைக்கு உன்னையே கேள்வி கேப்பாங்க." அவர் ஏமாற்றுவதற்காகச் சொன்னதில்லை. தெரியாதவர் குறுக்கே வந்தால் வேலை கெடும் என்பது அவருடைய பயம். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் நானாக வேலை எடுத்தபோது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதற்கு நேர் எதிராக நடந்தேன். என்னைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று வீட்டுக்காரருக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தொழில் நிலைத்தது அதனால்தான் என்று நம்புகிறேன்.

முதல் வீடு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. எல்லோரையும் போல அவரும், "சதுர அடி என்ன ரேட்டு?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். எங்கள் தொழிலில் பாதிச் சண்டைக்கு வித்து இந்தக் கேள்விதான். ஒருவர் குறைத்துச் சொல்வார், இன்னொருவர் கூட்டிச் சொல்வார். எதைச் சேர்த்து, எதை விட்டு அந்த ரேட் என்பதை இருவருமே பேசியிருக்க மாட்டார்கள். அளவு வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கா? சன்ஷேடு கணக்கில் உண்டா? மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம் எந்தக் கணக்கு? திண்ணையை முழு அளவாக எடுப்பதா, பாதியாகவா? இவற்றுக்கு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும். வழக்கம் மாறுகிற இடத்தில் வாய்ப்பேச்சு நிற்காது.

ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். இடது பக்கம், ரேட்டுக்குள் சேருபவை. வலது பக்கம், சேராதவை. தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர், மின் இணைப்புச் செலவு, பேரூராட்சி அனுமதிக் கட்டணம், சமையலறை அலமாரி, பரண் என்று வலது பக்கம் நீண்டுகொண்டே போனது. ஆசிரியரோடு அவர் மனைவியையும் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படித்தேன். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவும் சேராதுன்னா, என்னதான்பா சேரும்?" என்றார். பிறகு சேராதவற்றுக்கும் தோராயமாக விலை போட்டு மொத்தத்தைக் கூட்டிக் காட்டினேன். அவர் கையில் இருந்ததைவிட அது அதிகம். அன்றே மாடி அறை வேண்டாமென்று முடிவு செய்தார். எனக்கு வேலையின் அளவு சுருங்கியது உண்மைதான். ஆனால் அந்த வீடு கிரகப்பிரவேசம் வரை ஒரு கசப்பு இல்லாமல் முடிந்தது. கூடுதல் செலவைக் கடைக்காலுக்கு முன்னால் சொன்னால் வீட்டுக்காரர் யோசிக்கிறார். பூச்சு வேலை நடக்கும்போது சொன்னால் சண்டைக்கு வருகிறார். தொகை என்னவோ இரண்டு நேரத்திலும் ஒன்றுதான்.

இதை எழுதும்போது மண்டகப்பட்டு நினைவுக்கு வருகிறது. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் பக்கம் இருக்கும் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுப்பித்ததாக அதில் சொல்லியிருக்கிறான். ஏழாம் நூற்றாண்டு. கட்டிய கோயிலில் எதெல்லாம் சேரவில்லை என்பதைக் கல்லிலேயே வெட்டிவைத்த அரசன். கட்டட வேலை செய்கிறவன் ஒரு முறையாவது அங்கே போய் நின்று அந்தத் தூண்களைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. என்னோடு வேலை செய்யும் பையன்களை அழைத்துப் போயிருக்கிறேன்.

அடுத்தது பாறை. செஞ்சிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் கண்ணுக்குத் தெரியும் மலைகள். அவற்றின் கால்கள் வயலுக்கடியிலும் மனைக்கடியிலும் எங்கெங்கோ நீண்டு கிடக்கின்றன. ஒரு மூலையில் அரை ஆள் ஆழத்தில் பாறை தட்டும். எதிர்மூலையில் ஓர் ஆள் ஆழம் போனாலும் செம்மண்தான். பாறையை உடைக்கக் கம்ப்ரஷர் வர வேண்டும், நாள் வாடகை ஏறும். யார் தலையில் அந்தச் செலவு என்று முன்கூட்டியே பேசாமல் ஆரம்பித்த எத்தனையோ வேலைகள் கடைக்கால் குழியிலேயே நின்றுபோயிருக்கின்றன.

அதைவிடப் பெரிய ஆபத்து, பாதி வீடு பாறையிலும் பாதி வீடு மண்ணிலும் உட்காருவது. பாறை அசையாது, மண் சுமை ஏற ஏற இறங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் சுவர் கோணலாக விரிசல் விடும். எத்தனை முறை பூசினாலும் அது மறுபடி வாய் திறக்கும். அதனால் ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே மனையின் நாலு மூலையிலும் நடுவிலும் சோதனைக் குழி எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். குழி எடுக்கும் கூலி என்னுடையது. வேலை எனக்குக் கிடைக்காமல் போனாலும் அந்தக் கூலியைக் கேட்பதில்லை. குழிக்குள் வீட்டுக்காரரை எட்டிப் பார்க்கச் சொல்வேன். கடப்பாரையை அவர் கையில் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொல்வேன். டங் என்று கேட்கிற சத்தத்தை அவர் காதால் கேட்டபிறகு பாறைச் செலவைப் பற்றிப் பேசுவது சுலபமாகிவிடும்.

கணவரை இழந்த ஓர் அம்மா, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தவர், தன் மனையில் அப்படிக் குத்திப் பார்த்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேல எங்கிட்ட பணம் இல்லீங்களே மேஸ்திரி" என்றார். ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுநாள் இன்ஜினியரிடம் போய், வீட்டை மனையின் மேற்குப் பக்கம் தள்ளி வரைய முடியுமா என்று கேட்டேன். முன்பக்கம் இடம் குறைந்தது, பின்பக்கம் கூடியது, கடைக்கால் முழுவதும் ஒரே மண்ணில் வந்தது. செஞ்சிக் கோட்டையைக் கட்டினவர்கள் வேறு மாதிரிச் செய்தார்கள். பாறை இருக்கிற இடத்தில் பாறையையே மதிலாக விட்டுவிட்டு, ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவே மட்டும் சுவர் எழுப்பினார்கள். ராஜகிரிக்கு ஏறும்போது நின்று பார்த்தால் எது மலை, எது மதில் என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. நிலத்தோடு சண்டை போடாமல் அதற்கு ஒத்துப்போவதில் இந்த ஊருக்குப் பல நூறு வருடப் பழக்கம் இருக்கிறது.

சுண்ணாம்புத் தூள் போட்டு மனையில் அறைகளைக் குறிக்கும் நாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லா வீட்டுக்காரர்களும் பயந்துபோவார்கள். "இவ்வளவுதானா ரூமு? கட்டில் போட்டா நடக்க இடம் இருக்காதே!" திறந்த வெளியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது கையகலமாகத்தான் தெரியும். கடைக்கால் தோண்டினால் இன்னும் சிறுத்துத் தெரியும். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்தபிறகுதான் அறை பெரிதாகும். இதை முந்தின நாளே சொல்லிவைக்காவிட்டால், நாம் அளவைக் குறைத்துவிட்டதாக அவர்கள் மனதில் விழும் முள் கடைசிவரை கிடக்கும். நான் முந்தின நாளே சொல்லிவிடுவேன். குறித்து முடித்ததும் டேப்பை அவர்களிடமே கொடுத்து, இப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் போய்ப் படுக்கை அறையை அளந்துவிட்டு வரச்சொல்வேன். பெரும்பாலும் பழைய அறை இதைவிடச் சின்னதாக இருக்கும்.

குறித்த கோடுகளுக்கு நடுவே நான் முதலில் நிற்கவைப்பது அந்த வீட்டில் சமைக்கப் போகிறவரைத்தான். எங்கள் பக்கம் கான்ட்ராக்டரிடம் பேசுவது ஆண்கள். அப்பா பேசுவார், மகன் பேசுவான், சித்தப்பா வந்து பேசுவார். அடுத்த முப்பது வருடம் அந்த அடுப்பங்கரையில் நிற்கப்போகிற பெண்மணி பந்தலுக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருப்பார். மேடை இரண்டரை அடியா, இரண்டே முக்காலா என்பதை அவர் உயரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். "அம்மா, இங்க வந்து நில்லுங்க, காய் நறுக்கற மாதிரி கையை வையுங்க" என்று கூப்பிட்டால் முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு பேச ஆரம்பித்தால் ஜன்னல் எங்கே, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், கிரைண்டர் எங்கே, மழைக்காலத்தில் துணி காயப்போட எங்கே என்று ஒரு வீட்டையே வரைந்துவிடுவார்கள். வரைபடத்தில் இல்லாத எத்தனையோ நல்ல யோசனைகள் எனக்கு அப்படிக் கிடைத்தவை. கட்டி முடித்தபின் இடித்துக் கட்டும் செலவும் அதனால் மிச்சம்.

இனி, பெரிய மேஸ்திரி என்னைக் கோபித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பி வந்து இறங்கும்போது வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். ஒரு கணக்கு சொல்லிக்கொடுப்பேன். கம்பியின் தடிமன் எத்தனை மில்லிமீட்டரோ அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க வேண்டும், மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி பத்தரைக் கிலோவைத் தாண்டி வர வேண்டும். எட்டு எம்எம் கம்பி ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ. நல்ல கம்பியிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். ரொம்பக் குறைந்தால் கேள்வி கேளுங்கள் என்பேன். எடைமேடைச் சீட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மணல் வண்டி வந்தால் டேப் அவர்கள் கையில். நூறு கன அடி ஒரு யூனிட். 12 அடி நீளம், 7 அடி அகலம் உள்ள வண்டியில் மணல் இரண்டரை அடி உயரம் இருந்தால் 210 கன அடி, இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேலே. அதே வண்டியில் உயரம் கால் அடி குறைந்தால் 189தான். நடுவில் குவித்து, ஓரங்களில் பள்ளமாக விட்டிருப்பார்கள். ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். நாலைந்து இடத்தில் கம்பியைக் குத்தி ஆழம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் மாதமும் அச்சடித்திருக்கும். மூன்று மாதம் கடந்த மூட்டை வலு குறைந்தது. இப்போது பெரும்பாலும் வருவது பிபிசி (PPC) சிமென்ட், அதற்குத் தளம் போட்டபின் குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் கட்ட வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாசல் பக்கம் ஒட்டிவைப்பேன்.

பெரிய மேஸ்திரி ஒருநாள் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தவர், வீட்டுக்காரரின் பத்தாம் வகுப்புப் பையன் வண்டி மேல் ஏறி மணலை அளப்பதைப் பார்த்துவிட்டார். "கண்ணைத் தெறந்து வுட்டுட்டியேடா. இனிமே உனக்கு நிம்மதி ஏது?" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை. ஆனால் எனக்கு நிம்மதி வந்ததே அதனால்தான். தெரியாதவருடைய சந்தேகத்துக்கு எல்லை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார், டீக்கடையில் யாராவது ஏதாவது சொல்வார்கள், ராத்திரி அது பெரிதாகி விடிகாலையில் நமக்குப் போன் வரும். அளக்கத் தெரிந்தவர் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. டீக்கடைப் பேச்சுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவர்களுக்கு வாட்ஸ்ஆப் வந்தது பெரிய உதவி. கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின மாலை, கட்டிய கம்பிகளை டேப் வைத்து இடைவெளி தெரியும்படி படம் எடுத்து அனுப்புவேன். கான்கிரீட் மூடியபிறகு கம்பியை யாராலும் பார்க்க முடியாது. எங்கள் வேலையில் மூடிப்போகிற விஷயங்கள்தான் அதிகம். மூடுவதற்கு முன் காட்டிவிட வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். புதுக் கான்ட்ராக்டர்கள் பலர் விழுந்துபோவது இங்கேதான். முதல் வீட்டுப் பணம் தீர்ந்துபோகும், வேலை பாதியில் நிற்கும். இரண்டாவது வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கி அதில் முதல் வீட்டுத் தளத்தைப் போடுவார்கள். இரண்டாவது வீட்டுக்கு மூன்றாவது வீட்டு அட்வான்ஸ். வேலை வந்துகொண்டே இருக்கும்வரை வெளியே தெரியாது. ஒரு ஆடி மாதமோ, மார்கழியோ புது வேலை வராமல் நின்றால் மூன்று வீடும் ஒன்றாக நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல உழைப்பாளி, இப்படியே ஊரைவிட்டுப் போனார். அவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்று இன்றும் நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு வீட்டுப் பணம் அந்த வீட்டிலேயே நிற்க வேண்டும் என்ற ஒரு கட்டுப்பாடு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். அதனால் வீட்டுக்கு ஒரு நோட்டு வைத்தேன். வரவு, செலவு, ஒவ்வொரு சனிக்கிழமைக் கூலிக்கும் பிறகு வீட்டுக்காரர் கையெழுத்து. பெரிய அட்வான்ஸ் கொடுக்க வந்தாலும் அடுத்த கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்வேன். கடைக்காலுக்கு, பேஸ்மட்டத்துக்கு, லிண்டலுக்கு, தளத்துக்கு, பூச்சுக்கு என்று பிரித்து வாங்கினால் வேலை எங்கே நின்றாலும் யாரும் யாருக்கும் பெரிய கடன்காரர் இல்லை.

செஞ்சியில் பணத்துக்குப் பருவம் உண்டு. சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் வரும். விவசாயிக்கு நெல் அறுத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையை இறக்கி எடை போட்டால்தான் வரும். மணிலாக் கடலை பிடுங்கினால் வரும். அவசரத்துக்கு வெள்ளிக்கிழமை சந்தையில் ஆட்டை விற்றுக் கொடுப்பவர்களும் உண்டு. இது தெரியாமல், "அடுத்த வாரம் தளத்துக்குப் பணம் வேணும்" என்று நடவு முடிந்த கையோடு ஒரு விவசாயியை நெருக்கினால் அவர் வட்டிக்குத்தான் போவார். அந்த வட்டி ஏறும்போதெல்லாம் நம் மேலும் கசப்பு ஏறும். முதல் பேச்சிலேயே, "அறுப்பு எப்போ?" என்று கேட்டுவிடுவேன். தளம் போடுவதை அறுப்புக்குப் பிறகு வரும்படி வேலையை அமைத்துக்கொண்டால் போயிற்று. இடையில் எங்கள் ஆட்களுக்கு வேறு வீட்டில் வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பாடு.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று எல்லோருக்கும் கையில் காசு எண்ணிக் கொடுத்துப் பழகிய தொழில். வங்கி வாசலில் நின்றாலும் கிடைப்பது கொஞ்சம். அப்போது நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே வந்து, "உங்க ஆளுங்க எல்லாரையும் கடைக்கு அனுப்புங்க. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக்கட்டும். நோட்டுல எழுதிக்கலாம், அப்புறம் கணக்குல கழிச்சுக்கலாம்" என்றார். அந்த மாதம் முழுக்க அப்படி ஓடியது. ஒருவர்கூட வேலையை விட்டு நிற்கவில்லை. வாரா வாரம் கையெழுத்துப் போட்டுவந்த நோட்டு இருந்ததால்தான் அவரால் அவ்வளவு சட்டென்று கைநீட்ட முடிந்தது என்று நினைக்கிறேன். அந்த மனிதரை நினைக்காமல் எனக்கு ஒரு நவம்பர் போவதில்லை.

வேலையை வேண்டாமென்று சொன்னதும் உண்டு. சென்னையில் வேலை செய்யும் ஒரு தம்பி, கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் மனை வாங்கிவிட்டு அட்வான்ஸ் பணத்தோடு வந்தார். மலை தெரியும் மாடி வீடு வேண்டுமென்று படமெல்லாம் வரைந்து வைத்திருந்தார். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கு வெளியே அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010இல் திருத்திய சட்டம் இப்படிச் சொல்கிறது. தடை எங்கே முடிகிறதென்று துறையிடம் எழுதிக் கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை ஒரு ரூபாயும் வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மத்தவங்க கட்டித் தரேங்கறாங்களே" என்றார். மனையை விற்றவர்மேல் வர வேண்டிய கோபம் என்மேல் வந்தது. பிறகு அவர் எனக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை, பேசவும் இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தை வாங்கிக் கடைக்கால் தோண்டிவிட்டு நோட்டீஸ் வந்தபிறகு கையை விரித்திருந்தால் அவர் நிலைமை என்ன ஆகியிருக்கும்? 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதற்குப் பிறகு மனை வாங்குவதற்கு முன்பே என்னிடம் வந்து, "இங்க கட்டலாமா?" என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

சாவி கொடுத்த பிறகும் எங்களுக்கு வேலை இருக்கிறது. பாக்கியில் ஒரு பகுதியை வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளட்டும், ஒரு மழைக்காலம் போகட்டும், ஒழுகவில்லை என்றால் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். அரசு வேலைகளில் இதற்கு விதியே இருக்கிறது. தனி வீடுகளுக்கும் அது நல்ல வழக்கம். தொழில் புதிதாக இருக்கும்போது அந்தப் பணத்தை விட்டுவைப்பது கஷ்டம்தான். கையில் சுழல்வதற்கே காசு இருக்காது. ஆனாலும் அதைச் சொன்ன நிமிடத்தில் வீட்டுக்காரர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. செஞ்சிப் பக்கமும் ஏரிகள் நிரம்பி, தெருவில் தண்ணீர் ஓடியது. மழை விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு, நான் கட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மாடிக்குப் போய்த் தண்ணீர் நிற்கிறதா, பாரப்பெட் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஈரம் இறங்குகிறதா, குழாய் தளத்தைத் துளைத்து வரும் இடத்தில் கசிவு உண்டா என்று பார்த்தேன். சில வீடுகளில் கசிவு இருந்தது. ஆள் அனுப்பிச் சரிசெய்தோம். ஓரிடத்தில் என் வேலையில் குறை இல்லை, பின்னால் வந்து டிஷ் ஆன்டெனா மாட்டியவர் தளத்தில் ஆணி அடித்திருந்தார். அதையும் அடைத்துவிட்டு வந்தேன். ஒரு பாட்டி, "புயலுக்கு எங்க பிள்ளைங்ககூட போன் பண்ணித்தான் கேட்டாங்க, நீ நேர்ல வந்துட்டியே சாமி" என்று சொல்லி, இருந்த ஈரத்திலும் அடுப்பு மூட்டிக் காபி போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு சுற்றில் எனக்குத் தெரியவந்த விஷயங்கள் அதிகம். எந்தச் சரிவு போதவில்லை, எந்த மூலையில் சிமென்ட் பட்டி வைத்தால் நிற்கிறது என்பதையெல்லாம் பார்த்து, அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் மாற்றிக்கொண்டேன்.

இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் சில வீடுகள் கட்டுகிறோம். 360 சதுர அடி வீடு, அரசு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறது. வேலை முடிகிற கட்டத்துக்கு ஏற்பப் பணம் பயனாளியின் கணக்கில் வரும். சின்ன வீடு என்று சில கான்ட்ராக்டர்கள் இதைத் தொடுவதில்லை. லாபம் குறைவு என்பது உண்மை. ஆனால் கூரை வீட்டில் மழைக்குப் பாத்திரம் வைத்துப் படுத்தவர்களுக்கு முதன்முதலாகத் தளம் போடுகிற வேலை இது. இதைவிட முக்கியமான வேலை எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? பெரிய வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டும் அதே இரண்டு பக்க நோட்டை இவர்களுக்கும் படித்துக் காட்டுகிறேன். அதே டேப்பைக் கொடுக்கிறேன்.

அப்படி ஒரு வீட்டுக்காரர், களையெடுக்கப் போகும் ஒரு பெண்மணி. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கணக்கு மனதிலேயே ஓடும். கூலியை, வட்டியை, படி அரிசியை எல்லாம் மனக்கணக்காகவே போட்டுப் பழகியவர். யூனிட் கணக்கை ஒரே முறைதான் சொன்னேன். அடி எண்களைப் படிக்க மகள் கூடவே நின்றாள். நான் திண்டிவனம் பக்கம் போயிருந்த ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேஸ்திரி, எம்சாண்ட் வண்டி வந்து நிக்குது. நானும் பாப்பாவும் ஏறி அஞ்சு இடத்துல குத்திப் பார்த்துட்டோம். ரெண்டு யூனிட்டுன்னு எழுதியிருக்கான், ஒன்னே முக்காலுக்கு மேல இல்ல. இறக்கச் சொல்லட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா?"

"நீங்க என்னம்மா நெனைக்கறீங்க?"

"அனுப்பிடலாம்னுதான் நெனைக்கறேன். உங்க காதுல ஒரு வார்த்தை போட்டுடலாம்னு கூப்பிட்டேன்."

அனுப்பச் சொன்னேன். வண்டி மத்தியானம் இரண்டே கால் யூனிட்டோடு திரும்பி வந்தது. அதையும் அவர் ஏறி அளந்துவிட்டுத்தான் இறக்கவிட்டார்.